கடைமடை வரை: கால் தமனி எம்.ஆர். ஆஞ்சியோவுக்கு எந்தக் கான்ட்ராஸ்ட் மருந்து?

கால் விரல் கறுத்துப் போனவருக்கும், நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது என்பவருக்கும் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் வழக்கமாக ஒரே வரிதான் இருக்கும்: இரண்டு காலுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ, கான்ட்ராஸ்டுடன். அதாவது ரத்தக்குழாயைப் பளிச்சென்று காட்டும் ஊசி மருந்தைப் போட்டு, காந்த ஸ்கேனில் கால் தமனிகளைப் படமெடுப்பது. எந்தக் கான்ட்ராஸ்ட், எத்தனை மி.லி., என்ன வேகம் என்பதெல்லாம் அதில் இருக்காது. நெல்லையில் ஹைகிரவுண்டானாலும் வண்ணார்பேட்டையானாலும் அந்த முடிவு ஸ்கேன் அறையில்தான் எடுக்கப்படுகிறது. மருந்தை மாற்றினால் படத்தில் எவ்வளவு மாறும், நோயாளியின் உடம்புக்கு என்ன மாறும் என்பதுதான் இங்கே பேச்சு. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மருந்தின் பெயர் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது, அதை உடம்பில் விடும் விதம் படத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால், விலை கூடிய மருந்தைப் போட்டும் கணுக்காலில் சிரைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

ஸ்கேனுக்கு வருகிறவர் யார் என்பதில் இருந்து தொடங்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கு அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் மூன்று தமனிகளில் விழும். பாதத்துத் தமனி பல நேரம் தப்பித்திருக்கும். அப்படித் தப்பிய தமனிதான் பைபாஸுக்கோ பலூனுக்கோ இறங்குதுறை. அது படத்தில் தெரியவில்லை என்றால் காப்பாற்றியிருக்கக்கூடிய காலுக்கும் 'எடுத்துவிடலாம்' என்ற பேச்சு வந்துவிடும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று பீடி சுற்றும் ஊர்கள் சூழ்ந்த பகுதி இது. புகைக்கிற இளம் ஆண்களுக்கு வரும் பர்கர் நோயும் பாதத்திலும் கணுக்காலிலும் தொடங்கி மேலே ஏறுகிற நோய்தான். சுருள் கம்பி மாதிரி நெளிந்த மாற்றுக் குழாய்கள் அதன் அடையாளம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. வயதான புகைப்பாளிக்குத்தான் இடுப்பிலும் தொடையிலும் பெரிய குழாய்கள் முதலில் அடைபடும்.

ஆக, தொப்புளருகே பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இருந்து கால்விரல் வரை ஒரு மீட்டருக்கு மேல் படம் வேண்டும். அதிலும் கடைசி முப்பது, நாற்பது சென்டிமீட்டரில்தான் தேவை அதிகம். தாமிரபரணியில், பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் மேல்மடையில் இருக்கும் கன்னடியன் கால்வாய்க்காரருக்குக் கவலையில்லை, ஸ்ரீவைகுண்டத்துக் கடைமடைக்காரர்தான் காத்துக்கிடப்பார். கால் ஆஞ்சியோவிலும் அதே கதைதான்.

இதற்கு சி.டி. போதாதா என்று கேட்கலாம். சர்க்கரை நோயாளியின் கெண்டைக்கால் தமனியில் சுண்ணாம்பு படிந்து கிடக்கும். சி.டி.யில் அது வெள்ளையாகப் பொங்கி, குழாய்க்குள் ரத்தம் ஓடுகிறதா என்பதையே மறைத்துவிடும். எம்.ஆரில் சுண்ணாம்பு தெரியாது, ரத்தம் மட்டும் தெரியும். அயோடின் மருந்தும் தேவையில்லை. ஆனால் பலூன் போடப்போகிறவருக்கு அந்தச் சுண்ணாம்பு எங்கே எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்ல எம்.ஆரால் ஆகாது. ஒரு சாதாரண எக்ஸ்ரேயைச் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் குறை பாதி தீரும்.

மருந்து செய்கிற வேலை

கடோலினியம் ஓர் அருமண் உலோகம். நம் தென்கடற்கரை மணலில் கிடக்கிற மோனசைட்டிலும் சிறு அளவில் இருக்கிறது. அதன் அயனியில் ஜோடி சேராத ஏழு எலெக்ட்ரான்கள் இருப்பதால், பக்கத்தில் வரும் நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜனைச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். அப்படித் திரும்ப ஆகும் நேரத்துக்கு டி-1 என்று பெயர். 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலுவின் அலகு) இயந்திரத்தில் ரத்தத்தின் டி-1 சுமார் 1,200 மில்லி வினாடி. கொழுப்பின் டி-1 சுமார் 260. ரத்தம் கொழுப்பைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் அதன் டி-1-ஐ இந்த 260-க்கும் வெகுவாகக் கீழே இறக்க வேண்டும். எல்லாக் கடோலினிய மருந்துகளும் செய்வது இதைத்தான். எவ்வளவு வலுவாகச் செய்கிறது என்பதற்கு ரிலாக்ஸிவிட்டி என்றொரு எண் இருக்கிறது. 1.5 டெஸ்லாவில், உடல் வெப்பத்தில், ரத்த பிளாஸ்மாவில் அளந்தால் கடோடெரேட்டுக்கு 3.6, கடோபென்டெடேட்டுக்கும் கடோடெரிடாலுக்கும் 4.1, கடோடயமைடுக்கு 4.3, கடோபியூட்ராலுக்கு 5.2, கடோபெனேட்டுக்கு 6.3 வரும்.

தனி கடோலினிய அயனி உடம்புக்கு நஞ்சு. கால்சிய அயனியின் அளவை ஒத்திருப்பதால் கால்சியம் போக வேண்டிய வாசல்களில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் அதை ஒரு கரிமக் கூட்டுக்குள் பூட்டித்தான் ஊசியில் தருகிறார்கள். கூடு நீளமாக, கயிறு சுற்றியது போல இருந்தால் நீள்வகை. மூடிய வளையமாக இருந்தால் வளைய வகை. கயிற்றுக்கட்டு அவிழும், வளையத்தில் இருந்து உலோகம் கழல்வது மிகக் கடினம். பின்னால் வரப்போகும் பாதுகாப்புப் பேச்சு முழுக்க இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வினாடிக்கு அரை மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்து மருந்தை அளக்கும் அலகு) வீதம் மருந்து போகிறது, இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் பெருந்தமனி ரத்தத்தில் லிட்டருக்கு சுமார் 6 மில்லிமோல் மருந்து இருக்கும். அந்தச் செறிவில் கடோடெரேட் டி-1-ஐ ஏறக்குறைய 45-க்கு இறக்கும். கடோபியூட்ரால் 31-க்கு, கடோபெனேட் 26-க்கு. மூன்றுமே கொழுப்பின் 260-ஐ விட வெகு கீழே. டி.ஆர். (இரு ரேடியோ துடிப்புகளுக்கு இடையிலான நேரம்) 3.5 மில்லி வினாடி, ஃபிளிப் கோணம் (ஒவ்வொரு துடிப்பும் காந்தமாக்கலைச் சாய்க்கும் அளவு) 30 பாகை என்ற வழக்கமான அமைப்பில் இதை வெளிச்சமாக மாற்றினால், கடோடெரேட்டைவிட கடோபியூட்ரால் கால் பங்கு கூடுதல், கடோபெனேட் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதல். இடுப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகப் படாது. கணுக்காலுக்குப் போகும்போது மருந்து நீர்த்து லிட்டருக்கு 2 மில்லிமோல் ஆகிவிட்டதென்றால் கணக்கு மாறும்: கடோபியூட்ரால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், கடோபெனேட் ஒன்றரை மடங்கு. ரிலாக்ஸிவிட்டிக்குக் கொடுக்கிற காசு கடைமடையில்தான் திரும்பி வருகிறது. ஒரே நோயாளிக்கு வேறு வேறு நாளில் கடோபெனேட்டும் கடோபென்டெடேட்டும் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் வீதம் போட்டு ஒப்பிட்ட ஆய்விலும் கடோபெனேட் படமே மேலாக வந்தது.

'இரட்டைச் செறிவு' என்கிற மயக்கம்

கடோபியூட்ரால் மி.லி.க்கு 1 மில்லிமோல். மேலே சொன்ன மற்றவை மி.லி.க்கு அரை மில்லிமோல். அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்றால் கடோடெரேட் 12 மி.லி., கடோபியூட்ரால் 6 மி.லி. செறிவு இரட்டிப்பு என்றதும் படமும் இரட்டிப்பு வெளிச்சம் என்று எண்ணிவிடுவார்கள். அப்படியில்லை. வினாடிக்கு 1 மி.லி. வேகத்தில் விட்டால் கடோடெரேட் 12 வினாடி ஓடும், கடோபியூட்ரால் 6 வினாடியில் தீர்ந்துவிடும். ஒரு படப்பகுதியை எடுக்கவே 15 முதல் 20 வினாடி ஆகிற இடத்தில் 6 வினாடி மருந்து பாதி வழியிலேயே கையை விரித்துவிடும். மருந்து வந்து போவதற்குள் பதிவு முடியாவிட்டால் குழாயின் ஓரங்கள் மங்கும், இல்லையென்றால் ஓரத்துக்கு இணையாகப் போலிக்கோடுகள் விழும். செறிவு மிக அதிகமானால் இன்னொரு விளைவும் இருக்கிறது: மருந்தே வெளிச்சத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

கடோபியூட்ராலை வினாடிக்கு 0.5, 0.6 மி.லி. என்று மெதுவாக விடுவதே சரி. அப்படி விட்டால் மோல் கணக்கில் மற்ற மருந்துகளுக்கு நிகராக ஓடும். மிச்சம் இருக்கிற லாபம் 5.2-க்கும் 3.6-க்கும் உள்ள ரிலாக்ஸிவிட்டி வித்தியாசம் மட்டுமே. சிலர் சமபங்கு சலைன் கலந்து இன்ஜெக்டரில் ஏற்றுகிறார்கள். படத்துக்கு அது பலன் தரும்தான், ஆனால் கலக்கும் கையில் காற்றுக்குமிழியும் அளவுத் தவறும் சேர்ந்து வரும். வேகத்தைக் குறைப்பது அதைவிடச் சுலபம்.

பின்னால் தள்ளுகிற சலைன் 25 முதல் 30 மி.லி. இருக்கட்டும், அதன் வேகம் மருந்தின் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும். மருந்தை 0.5-ல் விட்டுவிட்டு சலைனை 2-ல் தள்ளினால், டியூபிலும் கைச்சிரையிலும் தங்கியிருந்த மருந்து ஒரே மொத்தையாகப் பாய்ந்து செறிவைக் குலைத்துவிடும். முன்னங்கையில் இருபதாம் நம்பர், அதாவது ரோஸ் நிற வென்ஃப்ளான் போதும். உடல் வெப்பத்தில் கடோபியூட்ராலும் கடோபெனேட்டும் கடோடயமைடைவிட மூன்று மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானவை என்பதால், மெல்லிய நீல ஊசியில் அழுத்தம் ஏறும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த வழி) வைத்திருக்கிற கையைத் தொடவே கூடாது.

கடோபியூட்ராலில், ஐம்பது கிலோ எடைக்கு 5 மி.லி. போட்டது போக 7.5 மி.லி. குப்பியில் 2.5 மி.லி. மிஞ்சும். அடுத்தவருக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை எங்கேயும் வரும். அது ஒருவருக்கான குப்பி; மிச்சத்தைக் கொட்டுங்கள்.

பழையன, புதியன, போனவை

முதலில் வந்தது கடோபென்டெடேட், மேக்னவிஸ்ட் என்ற பெயரில், 1988-இல். 1990-களில் கான்ட்ராஸ்ட் ஆஞ்சியோ முறை உருவானதும் வளர்ந்ததும் இதையும் இதன் சகோதர மருந்துகளையும் வைத்துத்தான். ஆம்னிஸ்கேன் என்கிற கடோடயமைடும் அந்தக் காலத்தது. பிசுபிசுப்பு குறைவு, வலி குறைவு. ஆனால் கட்டு மிகத் தளர்ந்தது.

மேற்கே 1997-இல் சில சிறுநீரக நோயாளிகளுக்குத் தோல் மரப்பலகை போல இறுகி, மூட்டுகள் மடங்காமல் போனது கவனத்துக்கு வந்தது. 2000-இல் அது ஒரு தனி நோயாகப் பதிவானது; காரணம் பிடிபடவில்லை. 2006-இல்தான் ஐரோப்பாவில் இருந்து கடோலினியத்தோடு அதன் தொடர்பு வெளிவந்தது. நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மருந்தின் பாதி ஒன்றரை மணி நேரத்தில் வெளியேறிவிடும்; சிறுநீரகம் படுத்துவிட்டவருக்கு அதே பாதி வெளியேற ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அத்தனை நேரம் உடம்புக்குள் கிடந்தால் தளர்ந்த கட்டு அவிழத்தான் செய்யும். அந்தக் காலத்தில் கால் ஆஞ்சியோவுக்குக் கிலோவுக்கு 0.2, 0.3 மில்லிமோல் என்று தாராளமாகப் போட்டு வந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அயோடினுக்குப் பயந்து, சிறுநீரக நோயாளிகளையே தேடித்தேடி எம்.ஆருக்கு அனுப்பிய காலம் அது.

பிறகு 2014-இல் ஜப்பானில் இருந்து வந்த கவனிப்பு, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் மூளையிலும் கடோலினியம் தங்குவதைக் காட்டியது. நீள்வகையில் அதிகம், வளைய வகையில் மிகக் குறைவு. அதனால் ஒரு நோய் வந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017-இல் கடோடயமைடு, கடோவர்செட்டமைடு, சிரைவழி கடோபென்டெடேட் என்ற நீள்வகை மருந்துகள் மூன்றையும் நிறுத்தியது. கடோபெனேட்டைக் கல்லீரல் படத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. அமெரிக்கா எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. அங்கே நிறுத்தினால் இங்கேயும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. பெட்டி மேல் உள்ள வணிகப் பெயரைப் பார்க்காமல் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கிற மூலப்பெயரைப் படிக்க வேண்டும்.

கால் தமனிக்கென்றே பிறந்த மருந்து ஒன்று இருந்தது: கடோஃபோஸ்வெசெட். ஐரோப்பாவில் 2005-இல் வாசோவிஸ்ட் என்று வந்தது. அமெரிக்காவில் 2008-இல், பெருந்தமனி, இடுப்புத் தமனி அடைப்புக்கென்று அனுமதி பெற்றது. ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் 1.5 டெஸ்லாவில் ரிலாக்ஸிவிட்டி 19-க்கு எகிறும். கிலோவுக்கு 0.03 மில்லிமோலே போதும். குழாயை விட்டு வெளியேறாமல் நெடுநேரம் இருக்கும், நிதானமாக நுண்ணிய படம் எடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிதானமாக எடுக்கிற படத்தில் சிரையும் தமனியும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும். கெண்டைக்காலில் ஒவ்வொரு தமனியின் இரு பக்கமும் ஒரு சிரை ஒட்டி ஓடுகிறது, பிரித்துப் பார்ப்பதற்குள் கண் நோகும். 3 டெஸ்லா இயந்திரங்கள் பெருகியபோது அதன் எண் பத்துக்குக் கீழே விழுந்தது. மூளைக்கும் முதுகுக்கும் வழக்கமாகப் போடுகிற மருந்தோடு, காலுக்கென்று ஒன்றைத் தனியாக வாங்கி வைக்க ஆஸ்பத்திரிகளுக்கு மனம் வரவில்லை. ஐரோப்பாவில் 2011-இல் போயிற்று. பின்னர் அமெரிக்காவிலும் உற்பத்தி நின்றது. நல்ல மருந்து, வாங்க ஆளில்லாமல் செத்தது.

புதியது கடோபிக்ளினால். 2022-இல் அமெரிக்க அனுமதி. வளைய வகைதான், ஆனால் ரிலாக்ஸிவிட்டி 12-ஐத் தாண்டும், ஆகவே வழக்கமான அளவில் பாதி, கிலோவுக்கு 0.05 மில்லிமோல் போதும். அதன் அனுமதி மூளை, முதுகு, வயிறு போன்ற உறுப்புகளுக்கு. கால் தமனியில் அனுபவம் இன்னும் சேர வேண்டும். ஆனால் இதுவரை 'வலுவா, பத்திரமா' என்று ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டையும் தருவதாகச் சொல்கிற முதல் மருந்து இது என்பதால் கவனிக்கத் தக்கது.

கடோலினியமே வேண்டாம் என்பவர்களுக்கு ஃபெருமாக்சிடால் இருக்கிறது. சிறுநீரக நோயாளியின் ரத்தசோகைக்குத் தரும் இரும்பு ஊசி. 2009-இல் அதற்காக அனுமதிக்கப்பட்டது. ரத்தத்திலேயே மணிக்கணக்கில் தங்கும், பளிச்சென்று தெரியும். ஆஞ்சியோவுக்குப் போடுவது லேபிளுக்கு வெளியே, அதாவது அனுமதி பெறாத பயன்பாடு. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பற்றி 2015-இல் அமெரிக்காவில் கட்டமிட்ட எச்சரிக்கை வந்ததால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் முதல் சுற்றுப் படம் கிடையாது, சிரையும் சேர்ந்தே தெரியும்.

கிரியேட்டினின் 1.4: யாருக்கு?

'கிரியேட்டினின் 1.4, பரவாயில்லை' என்று போகிறபோக்கில் சொல்வது வழக்கம். 62 வயது ஆணுக்கு 1.4 என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், சுமார் 57, அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.4 என்றால் சுமார் 43. ஆணுக்கே 2.4 ஆகிவிட்டால் 30-க்கு அருகில் வந்துவிடும், அதுதான் எச்சரிக்கைக் கோடு. எனவே சீட்டில் கிரியேட்டினினோடு வயதும் பாலினமும் இருக்க வேண்டும். புண்ணில் சீழ் பிடித்து, காய்ச்சலோடு வருகிறவரின் சிறுநீரகம் நாளுக்கு நாள் மாறும். போன மாத அறிக்கை உதவாது.

கடோபியூட்ரால், கடோடெரேட், கடோடெரிடால் என்ற மூன்று வளைய மருந்துகளையும், நீள்வகையான கடோபெனேட்டையும் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு, தோல் இறுகும் ஆபத்து மிகக் குறைந்த இரண்டாம் குழுவில் வைத்திருக்கிறது. இவற்றைச் சிறுநீரகம் நான்காம், ஐந்தாம் நிலைக்குப் போன 4,931 பேருக்குப் போட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒருவருக்குக்கூடத் தோல் இறுகும் நோய் வரவில்லை. புள்ளியியல்படி மேல்வரம்பு 0.07 சதவீதம். அழுகும் காலைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இந்த எண்ணைக் காட்டி ஸ்கேனை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இது முதல் குழுவில் உள்ள கடோடயமைடுக்கும் கடோபென்டெடேட்டுக்கும் பொருந்தாது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே அவற்றைப் போடவே கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, அன்றைய டயாலிசிஸுக்குச் சற்று முன்னால் ஸ்கேனை வைத்துக்கொள்வது நல்லது. இதற்காகவே புதிதாக டயாலிசிஸ் தொடங்கத் தேவையில்லை.

சர்க்கரை நோயாளிகள் தவறாமல் கேட்கிற கேள்வி, மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பது. கடோலினியத்துக்காக நிறுத்த வேண்டியதில்லை. அந்த விதி அயோடின் மருந்துக்கானது. இரண்டையும் 'கான்ட்ராஸ்ட்' என்று ஒரே பெயரில் அழைப்பதால் வந்த குழப்பம்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் நெல்லைச் சீமையின் சர்க்கரை, சிறுநீரகக் கூட்டத்துக்கு வழக்கமான மருந்தாக வளைய வகையையே வைத்திருப்பது சரி. கடைமடைக்காக அதில் கடோபியூட்ராலுக்கு ஒரு படி முன்னுரிமை. சிறுநீரகம் நன்றாக இருக்கிற இளம் பர்கர் நோயாளிக்கு, பாதத்துச் சிறு குழாய்தான் கேள்வி என்றால், கடோபெனேட்டையும் ரேடியாலஜிஸ்ட் யோசிக்கலாம். ஐரோப்பா அதைக் கல்லீரலுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது என்பதைத் தெரிந்தே யோசிக்க வேண்டும்.

கால் முதலில், இடுப்பு பிறகு

பழைய முறையில் ஒரே ஊசி: இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று மேசை நகர்ந்து மருந்தைத் துரத்தும். ஆரோக்கியமான காலில் இது நன்றாக நடக்கும். புண்ணும் வீக்கமும் உள்ள பாதத்திலோ ரத்தம் தமனியில் இருந்து சிரைக்கு மிக வேகமாகத் திரும்பிவிடும். மேசை மூன்றாவது பகுதிக்கு வந்து சேர்வதற்குள் சிரைகள் நிறைந்து தமனியை மூடிவிடும். ஒரு கால் வேகமாகவும் மறு கால் அடைப்பால் மெதுவாகவும் இருந்தால் எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் ஏதோ ஒரு கால் கெடும். எந்த விலை மருந்தும் இதைச் சரிசெய்யாது. ரிலாக்ஸிவிட்டி கூடிய மருந்து சிரையையும் சேர்த்துத்தான் பளிச்சிட வைக்கும்.

மாற்று வழி, கடைமடைக்கு முதல் பங்கு. கெண்டைக்காலும் பாதமும் முதலில், கிலோவுக்கு 0.05 மில்லிமோல் மட்டும் விட்டு, நான்கைந்து வினாடிக்கு ஒரு படமாகத் தொடர்ச்சியாக எடுப்பது. தமனி நிறைந்து சிரை நிறையாத படம் அந்த வரிசையில் எங்கோ ஒன்று இருந்தே தீரும். பிறகு புதிதாக முன்படம் (மருந்து விடுவதற்கு முன் எடுத்து, பின்படத்தில் இருந்து கழிக்கிற படம்) எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு 0.1 மில்லிமோல் விட்டு இடுப்பையும் தொடையையும் துரத்துவது. அறுபது கிலோவுக்குக் கடோபியூட்ராலில் இது 3 மி.லி., பின் 6 மி.லி.; மொத்தம் 9. ஐரோப்பிய லேபிளில், ஒன்றுக்கு மேற்பட்ட படப்பகுதிக்கு, 75 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 15 மி.லி. என்று இருப்பதோடு ஒப்பிட்டால் சிறுநீரகத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பது புரியும்.

தொடர்படம் எடுக்கும் மென்பொருள் இல்லாத பழைய இயந்திரத்தில், தொடையின் நடுவில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி 50 முதல் 60 மி.மீ. பாதரசத்தில் நிறுத்தினால் சிரை நிறைவது தாமதப்படும். பைபாஸ் ஒட்டோ ஸ்டென்ட்டோ உள்ள தொடையில் கட்டக் கூடாது.

நேரம் கணிப்பதில், இதயம் தளர்ந்தவரிடம் தவறு அதிகம். நிமிடத்துக்கு 3 லிட்டர் மட்டும் தள்ளும் இதயத்தில் மருந்து குறைவாகத்தான் நீர்க்கும், வெளிச்சம் கூடத்தான் வரும். ஆனால் வெகு தாமதமாக வரும். அச்சடித்த நேரத்தை நம்பாமல், பெருந்தமனிக்கு மருந்து வருவதைத் திரையில் பார்த்துத் தொடங்குவதோ, 1 மி.லி. விட்டுப் பார்ப்பதோ அவசியம்.

இனி, மருந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் மருந்தின் மேல் பழி விழுகிற இடங்கள். அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து சரியாக இடுப்புத் தமனிக்கு மேலே உட்காரும்; படத்தில் அந்த இடம் கறுத்து, அடைப்பு மாதிரியே தெரியும். கயிறு தானே என்று விட்டுவிடாமல் அவிழ்க்கச் சொல்லுங்கள். மெட்டி வெள்ளிதான், காந்தம் இழுக்காது, ஆனாலும் விரலருகே படத்தைக் கெடுக்கும், சூடும் ஏறலாம். ஆண்டுக்கணக்கில் கழற்றாத மெட்டிக்குச் சோப்புத் தண்ணீரும் பொறுமையும் வேண்டும். எஃகு ஸ்டென்ட் உள்ளே இருந்தால் அந்த நீளம் முழுக்கக் கறுப்பாகும். நிட்டினால் (நிக்கல், டைட்டானியக் கலவை) ஸ்டென்ட்டில் பாதிப்பு குறைவு. கனத்த போர்வை பாதத்தை முன்னோக்கி அழுத்தி, நாட்டியக்காரியின் பாதம் போல விரல் நீண்டு நின்றால், மேற்பாதத் தமனி நசுங்கி, அடைபட்டது போலத் தோன்றும். பாதம் நேராக நிமிர்ந்திருக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் மெத்தை வைத்துச் சற்றே தூக்கினால் மேசை அழுத்தாது. முன்படத்துக்கும் பின்படத்துக்கும் இடையில் கால் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கழித்த படத்தில் இரட்டைக்கோடு விழும். "அண்ணாச்சி, கட்டைவிரலைக்கூட அசைக்கப்பிடாது" என்று இரண்டு தடவை சொல்லி, பட்டையும் போட்டுவிடுவது நல்லது. புண் வலியில் இருப்பவருக்கு வலி மாத்திரை முன்கூட்டியே கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

மருந்தே இல்லாமல் எடுக்கிற முறைகளும் இப்போது கைக்கு வந்துவிட்டன. 2010-இல் அறிமுகமான க்யூ.ஐ.எஸ்.எஸ். முறையில் ஒவ்வோர் இதயத்துடிப்புக்கும் 3 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு எடுத்து, சுமார் பத்து நிமிடத்தில் இரு காலும் முடியும். கர்ப்பிணிக்கும், கடோலினிய ஒவ்வாமை உள்ளவருக்கும் இதுதான் முதல் வழி. ஆனால் அடைப்புக்குக் கீழே மாற்றுக் குழாய் வழியாக ரத்தம் கீழிருந்து மேலாகத் திரும்பி ஓடுகிற இடத்தில், சிரையை மறைக்கப் போடும் துடிப்பு அந்தத் தமனியையும் சேர்த்து மறைத்துவிடும். உயிரோடு இருக்கிற குழாய் அறிக்கையில் செத்துப் போகும். அந்த இடத்துக்கு மட்டும் 3 மி.லி. மருந்து விட்டுக் கெண்டைக்காலைத் தொடர்படம் எடுத்தால் சந்தேகம் தீரும்.

ஸ்கேன் முடிந்த பிறகும் ஒரு வலை காத்திருக்கிறது. கடோடயமைடோ கடோவர்செட்டமைடோ போட்ட மறுநாள் ரத்தம் எடுத்து, நிறமாற்ற முறையில் கால்சியம் பார்த்தால், உண்மையில் குறையாத கால்சியம் குறைந்ததாக வரும். சிறுநீரகம் மந்தமாக இருப்பவரிடம் இந்தப் பொய் இன்னும் நீடிக்கும். அதை நம்பிச் சிரை வழியாகக் கால்சியம் ஏற்றினால் இதயத்துக்குக் கேடு. வளைய மருந்துகளில் இந்தத் தொல்லை இல்லை. வெறும் 'கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது' என்று முடியும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வார்டில் இருக்கிற இளம் மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? மூலப்பெயர், மில்லிமோல், மி.லி., வேகம், கையா புறங்கையா, நேரம், பேட்ச் எண்: அறிக்கையின் முதல் பத்தியில் இத்தனையும் ஒரே வரியில் அடங்கும்.